எரிபொருள் தீர்ந்து கண்மாயில் இறங்கிய விமானம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபத்தாறு வயதில், ஓர் ஆடி மாதம், புதுச்சேரியிலிருந்து மதுரைக்கு ஒரு செஸ்னா 152 விமானத்தை ஓட்டி வந்தேன். மதுரை விமான நிலையத்துக்கு இன்னும் 30 கிலோமீட்டர் இருக்கும்போது எரிபொருள் தீர்ந்து இஞ்சின் நின்றது. மேலூர் பக்கம் ஒரு வறண்ட கண்மாயில் இறக்கினேன். முன்சக்கரம் ஒடிந்தது, விசிறி வளைந்தது, என் நெற்றியில் ஐந்து தையல். கூட வந்த நண்பருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு பல வருடம் மற்றவர்களுக்கு விமானம் ஓட்டப் பழக்கினேன். இப்போது திருமங்கலத்தில் வீட்டோடு இருக்கிறேன்.

சிறு விமானம் எங்காவது வயலில் விழுந்தது என்று செய்தி வந்தால் போதும், தெருவில் பார்ப்பவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், அக்கா மகன் என்று எல்லோரும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலும் எழுதி வைத்திருக்கிறேன்.

"பெட்ரோல் தீந்துட்டா பிளேன் கல்லு மாதிரி விழுந்துடுமா மாமா?"

விழாது. இறக்கை இருக்கிறவரை அது பறக்கும். இஞ்சின் இல்லாவிட்டால் மேலே ஏற முடியாது, அவ்வளவுதான். மூக்கைச் சற்றுத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்றினால் சறுக்கிக்கொண்டே வரும். செஸ்னா மாதிரி சிறு விமானம் ஒரு பங்கு உயரம் இழப்பதற்குள் சுமார் ஒன்பது பங்கு தூரம் முன்னால் போகும். தரையிலிருந்து 3,000 அடி உயரத்தில் இஞ்சின் நின்றால் எட்டு கிலோமீட்டர் போகலாம். மீனாட்சி கோயிலிலிருந்து திருப்பரங்குன்றம் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் நேரம் நாலு நிமிடத்துக்குச் சற்று அதிகம்.

அந்த நாலு நிமிடமும் அமைதியாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். விசிறி காற்றில் தானாகச் சுற்றிக்கொண்டிருக்கும். கதவு இடுக்கில் காற்று சீறும். அதுவரை இஞ்சின் சத்தத்தில் கேட்காத நண்பரின் மூச்சு எனக்கு அப்போது கேட்டது.

"பிளேனுக்கு என்ன பெட்ரோல் சார்? பங்க்ல கிடைக்கிறதுதானா?"

பிஸ்டன் இஞ்சின் உள்ள சிறு விமானங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆவ்காஸ் 100 எல்எல் என்ற தனி பெட்ரோல். வெளிர்நீலச் சாயம் கலந்திருக்கும். ஜெட் விமானத்துக்கான ஏடிஎஃப் மண்ணெண்ணெய் வகை. அதை இந்த இஞ்சினில் ஊற்றினால் இஞ்சின் கெட்டு நிற்கும். நிறம், வாசனை இரண்டையும் பார்ப்பது அதனால்தான்.

இதில் நம் நாட்டுக்கே உரிய சங்கடம் ஒன்று உண்டு. ஏடிஎஃப் கிடைக்கும் நிலையங்கள் பலவற்றில் ஆவ்காஸ் கிடைக்காது. வெகுகாலம் வெளிநாட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது; 2022-ல்தான் இந்தியன் ஆயில் உள்நாட்டில் தயாரித்து விற்பனைக்கு அறிமுகப்படுத்தியது. வழியில் எங்காவது இறங்கி ஊற்றிக்கொள்ளலாம் என்று காரில் கிளம்புவதுபோல இதில் கிளம்ப முடியாது. என் கதையிலும் இதற்குப் பங்கு உண்டு, கீழே சொல்கிறேன்.

"முள்ளைப் பாத்தாத் தெரியாதா, எவ்வளவு இருக்குன்னு?"

தெரியும், ஆனால் நம்பக்கூடாது. பழைய சிறு விமானங்களில் தொட்டிக்குள் ஒரு மிதவை, அதோடு ஒரு கம்பி, அதிலிருந்து முள். விமானம் குலுங்கினால் முள்ளும் ஆடும், சாய்ந்தால் பொய் சொல்லும். அதனால் கிளம்புமுன் இறக்கை மேல் ஏறி, மூடியைத் திறந்து, கோடு போட்ட குச்சியை விட்டுப் பார்ப்போம். வெயில் நேரத்தில் குச்சியில் ஈரம் கண்ணெதிரே உலர்ந்துவிடும். எடுத்த கணமே படிக்க வேண்டும்.

குச்சியிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தொட்டியின் அடியில் இஞ்சினுக்குப் போய்ச் சேராத கொஞ்சம் எரிபொருள் எப்போதும் கிடக்கும். செஸ்னா 152-ல் அது கிட்டத்தட்ட 6 லிட்டர். குச்சி மொத்த அளவுக்குக் கோடு போட்டதா, பயன்படும் அளவுக்குக் கோடு போட்டதா என்று தெரிந்திருக்க வேண்டும். நான் கேட்காமல் விட்டேன்.

"வண்டியில ரிசர்வ் இருக்கிற மாதிரி பிளேன்லயும் இருக்குமா?"

பழைய பைக்கில் குழாயைத் திருப்பினால் வருமே, அப்படித் தனி இருப்பு இதில் கிடையாது. ரிசர்வ் என்பது காகிதத்தில் போடும் கணக்கு. போய்ச் சேரத் தேவையானதற்கு மேல் பகலில் 30 நிமிடமும் இரவில் 45 நிமிடமும் பறக்கும் அளவு இருக்க வேண்டும் என்பது, தரை தெரியப் பறக்கும் சிறு விமானங்களுக்குச் சர்வதேச அளவில் உள்ள குறைந்தபட்ச விதி.

அது எடுத்துச் செலவழிப்பதற்கு அல்ல. இறங்கும்போது அது தொட்டியில் அப்படியே இருக்க வேண்டும். ரிசர்வைத் தொட ஆரம்பித்துவிட்டால் கணக்கில் எங்கோ தப்பு நடந்துவிட்டது என்று பொருள்.

"அப்ப டேங்க் ஃபுல் பண்ணிட்டுக் கிளம்பினா பிரச்சினையே இல்லைல?"

முடிந்தால் அதுதான் நல்லது. எப்போதும் முடியாது. நாலு இருக்கை உள்ள செஸ்னா 172-ன் புது வகைகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கிளம்பும்போது மொத்த எடை 1,157 கிலோவைத் தாண்டக்கூடாது. வெறும் விமானமே சுமார் 770 கிலோ. மீதி 387. தொட்டி நிறைய 200 லிட்டர் என்றால், லிட்டருக்கு 0.72 கிலோ வீதம் 144 கிலோ. மிச்சம் 243 கிலோவில் மூன்று பேர் உட்காரலாம். நாலாவது ஆள் ஏறினால் எரிபொருளைக் குறைக்க வேண்டும்.

கத்திரி வெயிலில் இன்னும் கஷ்டம். மதுரை ஓடுபாதை கடல்மட்டத்திலிருந்து 460 அடி உயரத்தில்தான் இருக்கிறது. ஆனால் 40 டிகிரி வெயிலில் காற்று லேசாகிவிடுவதால் விமானத்துக்கு அது ஏறத்தாழ 3,500 அடி உயரத்தில் இருப்பது போல. இஞ்சினும் இளைக்கும், இறக்கையும் இளைக்கும். பாரம் குறைத்தே ஆகவேண்டும் என்ற நிலையில், மனிதரை இறக்கிவிட மனம் வராமல் எரிபொருளில் கை வைப்பார்கள்.

"லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் குடுக்கும் அண்ணே?"

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. இந்தக் கேள்வியில்தான் தவறே ஆரம்பிக்கிறது. விமானத்துக்கு மைலேஜ் பார்க்கக்கூடாது. காரைச் சுற்றியிருக்கும் சாலை நகராது. விமானத்தைச் சுற்றியிருக்கும் காற்று நகரும். எதிர்க்காற்றில் ஒரே லிட்டருக்குக் குறைந்த தூரம், பின்காற்றில் அதிக தூரம். காற்றால் மாறாமல் இருப்பது மணிக்கு எத்தனை லிட்டர் என்பது ஒன்றுதான். அதனால் தொட்டியில் 60 லிட்டர் இருக்கிறது என்று சொல்லாதீர்கள், இரண்டரை மணி நேரம் இருக்கிறது என்று சொல்லுங்கள் என்று பழகுகிறவர்களிடம் முதல் நாளே சொல்லுவேன். கைக்கடிகாரம்தான் நம்பகமான எரிபொருள் மீட்டர்.

மணிக்கு எத்தனை லிட்டர் என்பதும் ஓட்டுகிறவர் கையில் இருக்கிறது. சிறு விமானத்தில் காற்றும் எரிபொருளும் கலக்கும் விகிதத்தை விமானியே ஒரு குமிழால் மாற்றுவார். உயரம் போனதும் எரிபொருளைக் குறைத்து வைத்து ஓட்டினால் கிடைக்கும் கணக்கைத்தான் கையேட்டில் அச்சிட்டிருப்பார்கள். குமிழை முழுக்க உள்ளே தள்ளியபடியே, அதாவது எரிபொருள் அதிகமாகப் போகும் நிலையிலேயே, விட்டுவிட்டால் கையேட்டுக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

"போகும்போது எதிர்க்காத்து, வரும்போது பின்காத்து. ரெண்டும் சரியாப் போயிடாதா?"

போகாது. மதுரையிலிருந்து கோயம்புத்தூர் நேர்கோட்டில் சுமார் 95 கடல்மைல் (ஒரு கடல்மைல் என்பது 1.85 கிலோமீட்டர்). 100 நாட் (மணிக்கு 100 கடல்மைல்) வேகத்தில், காற்றே இல்லாவிட்டால், போக 57 நிமிடம், வர 57 நிமிடம், மொத்தம் 114. எதிரே 20 நாட் காற்று என்றால் போக 71 நிமிடம். திரும்பும்போது அதே காற்று தள்ளினாலும் 48 நிமிடம் ஆகும். மொத்தம் 119. எதிர்க்காற்றில் அதிக நேரம் இருக்கிறோம், பின்காற்றில் குறைந்த நேரம்தான் இருக்கிறோம். அதனால் காற்று இருந்தாலே நஷ்டம்தான். அந்த நேர்கோடு கீழ்ப்பழனி மலைமேல் போகிறது என்பதால் திண்டுக்கல் பக்கம் சுற்றிப் போனால் அதற்கும் நிமிடம் சேரும்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் பக்கத்தில் சும்மா வந்த பேச்சு இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும் கம்பம் பள்ளத்தாக்கு வழியாகவும் வரும் மேற்குக் காற்று ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை இந்தச் சமவெளியில் அடிக்கும். கிழக்கிலிருந்து மதுரைக்கு வருகிற எவரும் அதை முகத்தில் வாங்கித்தான் வரவேண்டும்.

"சரி, உங்க விமானத்துல என்னதான் நடந்துச்சு? கணக்கே போடலையா?"

போட்டேன். விதிப்படி சரியாக இருந்தது, அதுதான் இதில் கவனிக்க வேண்டியது. தூரம் 163 கடல்மைல். 100 நாட் வேகத்தில் 98 நிமிடம், நூறு என்று வைத்துக்கொண்டேன். மணிக்கு 23 லிட்டர் வீதம் 38 லிட்டர், மேலேறுவதற்கு 4 லிட்டர், ஆக 42. குச்சி 60 காட்டியது. மீதி 18 லிட்டர், அதாவது 47 நிமிட ரிசர்வ். வேண்டியது 30 நிமிடம்தான். நாங்கள் ஆவ்காஸ் வைத்திருந்த பீப்பாய் அன்று காலி, மறுநாள்தான் அடுத்தது வரும். 60 போதும் என்று கிளம்பிவிட்டேன்.

இப்போது உண்மைக் கணக்கு. அடியில் கிடந்த 6 லிட்டரைக் கழித்தால் 54. மேலேற 4 போக 50. கலவைக் குமிழை நான் தொடவே இல்லை. மணிக்கு 26 லிட்டர் குடித்தது. 50 லிட்டருக்கு 115 நிமிடம் வரும். எதிர்க்காற்றால் தரை வேகம் 80 நாட். வழியில் ஒரு மழைமேகத்தைச் சுற்றியதில் 5 நிமிடம். மதுரை சேர 127 நிமிடம் வேண்டும். 12 நிமிடம் குறைந்தது. குச்சி, குமிழ், காற்று மூன்றில் ஏதாவது ஒன்று சரியாக இருந்திருந்தாலும் ஓடுபாதையில் இறங்கியிருப்பேன்.

"நடுவுலயே தெரிஞ்சிருக்குமே, திருச்சியில இறங்கியிருக்கலாம்ல?"

இறங்கியிருக்கலாம். திட்டப்படி 55-வது நிமிடத்தில் திருச்சி வலப்பக்கம் வரவேண்டும். மலைக்கோட்டை கண்ணில் பட்டபோது கடிகாரம் 73 என்றது. 18 நிமிடம் தாமதம். பாதி வழியிலேயே இவ்வளவு என்றால் மீதி வழியில் எவ்வளவு என்று அந்த இடத்தில் பென்சில் எடுத்துக் கணக்குப் போட்டிருக்க வேண்டும். ஓடுபாதை பக்கத்தில் தெளிவாகத் தெரிந்தது.

திருச்சியில் அன்று எனக்கு ஆவ்காஸ் கிடைக்காது. இறங்கினால் விமானத்தை அங்கேயே விட்டுவிட்டு, பஸ் பிடித்து வந்து, பீப்பாய்க்கு ஏற்பாடு செய்ய வேண்டும். நண்பரின் வீட்டில் சாப்பாடு தயாராக இருந்தது. "இன்னும் கொஞ்ச தூரந்தான்" என்று வாய்விட்டே சொன்னேன். பிறகு பழக்கியவர்களிடம் இதை மாற்றி வைத்தேன்: இன்ன ஊரை இன்ன நிமிடத்துக்குள் தாண்டாவிட்டால் இன்ன இடத்தில் இறங்குவேன் என்று தரையிலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மேலே போனபிறகு மனம் ஊர்ப்பக்கம்தான் சாயும்.

"டவர்ல சொன்னா உடனே வழி விட மாட்டாங்களா?"

விடுவார்கள், சரியான வார்த்தையைச் சொன்னால். இதற்கு இரண்டு படி உண்டு. இந்த நிலையத்தில்தான் இறங்கியாக வேண்டும், இதற்கு மேல் தாமதமானால் ரிசர்வில் கை வைக்க நேரிடும் என்ற நிலையில் "மினிமம் ஃபியூயல்" என்று சொல்ல வேண்டும். அது எச்சரிக்கை மட்டுமே, முன்னுரிமை தானாக வராது. ரிசர்வுக்குக் கீழே போய்த்தான் இறங்க முடியும் என்று தெரிந்துவிட்டால், ஆபத்து, உதவி வேண்டும் என்பதற்கான "மேடே" என்ற சொல்லை மூன்று முறையும் கூடவே "ஃபியூயல்" என்றும் சொல்ல வேண்டும்.

1990 ஜனவரி 25 அன்று நியூயார்க்கில் இறங்கவந்த அவியாங்கா 52 விமானம் நெடுநேரம் வானில் காக்கவைக்கப்பட்டது. எரிபொருள் தீர்கிறது என்று விமானிகள் சொன்னார்கள், முன்னுரிமை வேண்டும் என்றார்கள். அவசரநிலை என்ற சொல்லை மட்டும் சொல்லவே இல்லை. 73 பேர் இறந்தார்கள். வார்த்தைக்குக் கூச்சப்படுவது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. நானும் இஞ்சின் இருமிய பிறகுதான் மேடே சொன்னேன்.

"ரோட்டுல இறக்கியிருக்கலாமே, நாலுவழிச் சாலை அவ்ளோ அகலமா இருக்கே?"

மேலிருந்து பார்த்தால் சாலை அழகாகத்தான் தெரியும். கம்பி தெரியாது. சாலையைக் குறுக்கே கடக்கும் மின்கம்பிகள், நடுவே தடுப்புச் சுவர், விளக்குக் கம்பங்கள், அதற்குமேல் எதுவும் அறியாமல் வண்டி ஓட்டி வருகிறவர்கள். அவர்களை ஆபத்தில் மாட்டிவிட எனக்கு உரிமை கிடையாது.

மேலூர்ப் பக்கம் வயலில் வரப்புக்கு வரப்பு சக்கரம் தட்டும். தென்னந்தோப்பு ஆகாது. தண்ணீர் வற்றிய கண்மாய் பரவாயில்லை. ஆனால் பாதியில் சீமைக்கருவேலம் மண்டியிருக்கும், மீதியில் வெடித்த களிமண். நான் கரைக்கு இணையாக, காற்றை எதிர்த்து இறக்கினேன். சக்கரம் நன்றாகவே தரை தொட்டது. நூறு அடி ஓடியபின் மாடுகளின் குளம்புப் பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கிவிட்டது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா முதலில் ஓடிவந்தார். "கண்ணைத் திறந்து வைய்யா" என்று சொல்லிக்கொண்டே முந்தானையால் என் நெற்றியை அழுத்திப் பிடித்திருந்தார்.

"பெட்ரோலே இல்லாததால தீப்பிடிக்காதுல்ல?"

வாய்ப்பு குறைவு, இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. அடியில் கிடக்கும் அந்த 6 லிட்டரும் தொட்டியில் நிறைந்த ஆவியும் போதும். அதனால் தரை தொடுவதற்கு முன்பே எரிபொருள் குழாயையும் மின்சாரத்தையும் அடைத்துவிட வேண்டும். கதவை இறங்கும் முன்பே கொஞ்சம் திறந்துவைக்க வேண்டும், சட்டம் வளைந்தால் பிறகு திறக்காது.

"டேங்க்ல இருந்தும் இஞ்சின் நின்னதா செய்தியில போட்டாங்களே, அது எப்படி?"

அது வேறு வகை. தீர்ந்துபோவது ஒன்று, இருந்தும் போய்ச்சேராதது இன்னொன்று. பைப்பர் செரோக்கி மாதிரி விமானத்தில் இடது தொட்டி, வலது தொட்டி என்று விமானியே மாற்றி மாற்றித் திருப்ப வேண்டும். மறந்தால் ஒன்று காலியாகும், மற்றது நிறைய இருக்கும். அடியில் தண்ணீர் இறங்கினாலும் நிற்கும். அதனால்தான் காலையில் சிறு குவளையில் வடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறோம். மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் இறக்கை மேல் ஓடும் காற்றே எரிபொருளை உறிஞ்சி வெளியே வீசிவிடும்.

அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் 2011 முதல் 2015 வரையிலான சிறு விமான விபத்துகளைப் பார்த்ததில், எரிபொருள் நிர்வாகத்தால் ஆண்டுக்குச் சராசரியாக 50-க்கு மேல் நடந்திருந்தன. அவற்றில் 56 சதவீதம் தீர்ந்துபோனவை, 35 சதவீதம் இருந்தும் போய்ச்சேராதவை.

"அனுபவம் இல்லாதவங்கதான் இப்படிப் பண்ணுவாங்க. பெரிய விமானத்துல நடக்காதுல்ல?"

மேலே சொன்ன அதே கணக்கில் 48 சதவீதம் பேர் தொழில்முறை உரிமம் பெற்ற விமானிகள். பயிற்சி மாணவர்கள் வெறும் 2 சதவீதம். மாணவர் பயந்து இரண்டு தடவை பார்ப்பார்.

பெரிய விமானத்துக்கு 1983 ஜூலை 23 போதும். ஏர் கனடாவின் போயிங் 767-க்கு 22,300 கிலோ எரிபொருள் வேண்டும். அளவு காட்டும் கருவி பழுது என்பதால் குச்சி விட்டுப் பார்த்தார்கள். 7,682 லிட்டர் இருந்தது. லிட்டரை எடையாக்க 1.77-ஆல் பெருக்கினார்கள். அது பவுண்டுக்கான எண். கிலோவுக்கு 0.8 தான். அதனால் இருபதாயிரம் லிட்டர் ஏற்ற வேண்டிய இடத்தில் 4,917 லிட்டர் ஏற்றிக் கிளம்பினார்கள். நடுவானில் இரண்டு இஞ்சினும் நின்றன. தலைமை விமானி ராபர்ட் பியர்சன் இஞ்சின் இல்லாத கிளைடர் விமானம் ஓட்டிப் பழகியவர். கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளத்தில் சறுக்கியே இறக்கினார். 69 பேரும் பிழைத்தார்கள். 2016 நவம்பர் 28-ல் கொலம்பியாவில் சப்பெகோயன்ஸ் கால்பந்து அணியை ஏற்றிச் சென்ற விமானத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பறக்க வேண்டிய நேரமும் எரிபொருள் தாங்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்று, ரிசர்வே இல்லை. 71 பேர் இறந்தார்கள்.

"விசாரணையில உங்க மேல தப்புன்னு எழுதுனாங்களா?"

விபத்து விசாரணையின் நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது. யாரையும் குற்றவாளி ஆக்குவது அல்ல. சர்வதேச ஒப்பந்தமே அப்படித்தான் சொல்கிறது. இந்தியாவில் 2012-லிருந்து இதற்கென விமான விபத்துப் புலனாய்வுப் பணியகம் தனியாக இருக்கிறது. ஆனால் விமானத்தில் போதிய எரிபொருள் இருக்கிறதா என்று பார்ப்பது தலைமை விமானியின் பொறுப்பு, அதில் மாற்றுக் கருத்து இல்லை. பீப்பாய் காலியாக இருந்தது, குச்சியில் கோடு குழப்பம் என்று நானும் ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தேன். குச்சியைப் பிடித்தது என் கை. நண்பரின் தோள் இன்றும் மழைக்காலத்தில் வலிக்கிறது. அவர் அதைப் பற்றி ஒருநாளும் என்னிடம் பேசியதில்லை.

"பெட்ரோல் பத்தாதுன்னு தெரிஞ்சுபோச்சு, ஆனா இஞ்சின் ஓடுது. அப்பவே வயல்ல இறக்குறதா, இல்ல கடைசி வரைக்கும் போய்ப் பாக்குறதா?"

இறக்குங்கள். இஞ்சின் ஓடும்போது இறங்குவதற்கும் நின்றபின் இறங்குவதற்கும் நிறைய வித்தியாசம். ஓடும்போது அந்த இடத்தை ஒருமுறை தாழ்வாகச் சுற்றிவரலாம். கம்பி, கிணறு, மாடு எல்லாம் தெரியும். சரியில்லை என்றால் மேலேறி வேறு இடம் பார்க்கலாம். நின்றபின் கிடைப்பது ஒரே ஒரு வாய்ப்பு, அதுவும் அந்த நிமிடம் சறுக்கி எட்டும் தூரத்துக்குள் எது இருக்கிறதோ அதுதான்.

கொட்டாம்பட்டியைக் கடக்கும்போது இரண்டு முள்ளும் அடியில் படுத்துவிட்டன. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் ஒரு பெரிய கண்மாய், தட்டையாக, கருவேலம் இல்லாமல், காற்றுக்கு நேராக நீண்டு கிடந்தது. நண்பர்கூட அதைக் காட்டி ஏதோ கேட்டார். நான் தலையை ஆட்டிவிட்டு மதுரைப் பக்கம் பார்த்தேன்.